காற்றைத் திணிப்பது சிகிச்சையன்று

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை உலுக்கியபோது, செயற்கைச் சுவாசக் கருவிகள் எத்தனை கையிருப்பில் உள்ளன என்பதே அரசுகளின் பெருங்கவலையாக இருந்தது. மறுபுறத்தில், அக்கருவியில் இணைக்கப்பட்டவர் மீளமாட்டார் என்ற அச்சம் மக்களிடையே பரவியது. இவ்விரு நோக்குகளும் கருவியை மட்டுமே கண்டன. நோயாளியின் நுரையீரலுக்குள் நிகழ்வதைக் காணத் தவறின.

கடுமையான வைரசுத் தொற்றின்போது அழற்சியினால் நுரையீரலின் காற்றறைகளுள் நீர் கசிந்து நிரம்புகின்றது. பல அறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அவற்றைச் சூழ்ந்தோடும் குருதி ஒட்சிசனைப் பெறாமலேயே இதயத்திற்குத் திரும்புகின்றது. காற்றேற்க எஞ்சியிருக்கும் பகுதி ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவிற்குக் குறுகிவிடக்கூடும். வளர்ந்த ஒருவருக்குரிய காற்று முழுவதையும் அச்சிறு பகுதிக்குள் செலுத்தினால் அது மிகையாக விரிந்து காயமடையும். உயிர்காக்கும் கருவியே அப்போது தீங்கு விளைவிக்கின்றது.

அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணிக்கப்பட்ட உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும், மூச்சொன்றுக்கு 12 மில்லிலீற்றர் காற்று ஒரு சாராருக்கும் 6 மில்லிலீற்றர் மறுசாராருக்கும் வழங்கப்பட்டது. முன்னையோரில் ஏறத்தாழ 40 வீதத்தினரும் பின்னையோரில் 31 வீதத்தினரும் இறந்தனர். மூச்சின் அளவைக் குறைத்தால் குருதியில் காபனீரொட்சைட்டு உயரலாம். நுரையீரலைக் காக்கும் பொருட்டு வைத்தியர்கள் அதனை ஓரளவு அனுமதிக்கின்றனர். அது கவனக்குறைவு அன்று.

நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைப்பதும் இத்தகையதே. மல்லாந்து கிடக்கையில் அமுங்கியிருந்த முதுகுப்புறக் காற்றறைகள் அதனால் திறக்கின்றன. காற்றும் குருதியும் ஓரிடத்தில் சந்திக்கும் வாய்ப்புப் பெருகுகின்றது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடும் பாதிப்புற்றோரை இவ்வாறு நாளொன்றுக்கு 16 மணிநேரமேனும் படுக்கவைத்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 32.8 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைந்தது. இதற்குத் தேவைப்பட்டது புதிய இயந்திரமன்று. குழாய்கள் கழன்றுவிடாமல் நோயாளியைப் புரட்டவல்ல பயிற்சி பெற்ற தாதியரின் கரங்களே.

ஆகவே, கருவிகளைக் கொள்வனவு செய்வதோடு அரசுகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கான ஆளணியை, அடுத்த தொற்று வருவதற்கு முன்னரே வளர்த்தெடுத்தல் வேண்டும்.

புலம்பெயர் குடும்பங்களுக்கும் இதிலொரு பொறுப்புண்டு. பெற்றோரின் உயிர் பற்றிய முடிவுகளை மொழிபெயர்க்கும் சுமை பல வேளைகளில் பிள்ளைகளின் தோள்களிலேயே விழுகின்றது. பல மேலைநாட்டு வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கோரும் வசதி உண்டு. அதனைக் கோருவதில் தயக்கம் கூடாது. ஒட்சிசன் தேவை நேற்றைவிடக் குறைந்துள்ளதா, நுரையீரலின் இறுக்கம் தளர்கின்றதா, கவிழ்த்துப் படுக்கவைத்ததால் பலன் தெரிகின்றதா என்று வைத்தியரிடம் கேட்கலாம். இத்தகைய சிகிச்சை தமக்கு வேண்டுமா, எதுவரை வேண்டும் என்பதைப் பெற்றோர் நலமாக இருக்கும்போதே பிள்ளைகளிடம் கூறிவைப்பது, பின்னாளில் அவர்களின் பெரும் மனச்சுமையைக் குறைக்கும்.