தாது வருஷமும் தூரத்துக் கடலும்

"பூமியோட தட்பவெப்பம் எப்பவும் மாறிக்கிட்டேதானே இருக்கு, இப்ப மட்டும் என்ன புதுசு?" பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் சிலர் இப்படிக் கேக்கறாங்க. மாறினது உண்மைதான். ஆனா எவ்வளவு வேகமா மாறுச்சு, மாறினப்போ என்ன ஆச்சுன்னும் பார்க்கணும்ல?

இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் இப்ப இருக்கிறதைவிட 120 மீட்டர் கீழே இருந்துச்சு. ராமேஸ்வரத்துல இருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். நீலகிரி உச்சியில இருக்கிற சதுப்பு மண்ணைத் தோண்டிப் பார்த்தவங்க, அப்போ பருவமழை மெலிஞ்சு, சோலைக்காடு சுருங்கி, புல்வெளி பரவியிருந்துச்சுன்னு சொல்றாங்க. பிறகு பனி உருகிக் கடல் இந்த அளவுக்கு ஏற பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. மனுஷனுக்கு மூட்டையைத் தூக்கிட்டு நகர நேரமும் இருந்துச்சு, காலி நிலமும் இருந்துச்சு. இப்ப கம்பத்துல இருக்கிறவன் எங்கே நகர்வான், யார் நிலத்துக்கு?

அண்டார்டிகா பனிக்குள்ள அடைபட்ட பழைய காத்தை அளந்திருக்காங்க. எட்டு லட்சம் வருஷமா கரியமில வாயு பத்து லட்சத்துல 300 பங்கை ஒட்டித்தான் உச்சம் போயிருக்கு. தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடி 280. இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. இருநூறு, இருநூத்தம்பது வருஷத்து வேலை இது.

சரி, அவ்வளவு பழங்கதை வேண்டாம். தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்க. 1876-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது. அப்போ பசிபிக் கடல் குளிர்ந்து கிடந்துச்சு. மறுவருஷமே அதே கடல் கொதிச்சு, ரொம்பப் பெரிய எல் நினோ வந்துச்சு. இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் கூடவே கோளாறு பண்ணுச்சு. மரத்தோட வளையங்களையும் பழைய பதிவுகளையும் வச்சு இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. கடல் மட்டும் கொல்லலைங்க. ஜனம் பட்டினியில சாகும்போது தானியம் கப்பல்ல வெளியே போச்சு. அதையும் சேர்த்தே சொல்லணும்.

பெரியாறு அணைப் பேச்சு பல காலமா இருந்ததுதான். வேகம் பிடிச்சது அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம். 1895-ல தண்ணி வந்துச்சு. பென்னிகுக் பிறந்தநாளுக்கு நாங்க பொங்கல் வைக்கிறது சும்மா இல்ல.

எங்க பள்ளத்தாக்கோட பிழைப்பே ரெண்டு மழையில இருக்கு. அணை நிறைய தேக்கடிப் பக்கம் தென்மேற்கு மழை பெய்யணும். மழைமறைவுல கிடக்கிற மானாவாரிக்கும் கண்மாய்க்கும் ஐப்பசி, கார்த்திகை மழை வேணும். எல் நினோ பெரும்பாலும் முதலாவதைக் கெடுக்கும். பசிபிக் குளிர்ந்தா ரெண்டாவது கெடும். 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு 62 சதவீதம் குறைஞ்சது. அதுக்கு முன்னாடி அவ்வளவு மோசம் எப்பன்னு தேடினா, போய் நிக்கிறது 1876-ல. அதாவது அந்த வருஷம் திரும்பி வரக்கூடியது. ரேஷன் கடையும் அணையும் இருந்ததால இந்தத் தடவை பஞ்சம் வரல, அவ்வளவுதான்.

வித்தியாசம் என்னன்னா, இனி வர்ற வறட்சி இன்னும் சூடான பூமியில வரும். மண்ணு சீக்கிரம் காயும். ஒரு டிகிரி கூடினா காத்து ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் ஏந்தும்ங்கிறாங்க, அதனால பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பழுக்கிற நேரத்துல அப்படிக் கொட்டினா பன்னீர் திராட்சை கொடியிலேயே வெடிச்சுரும். வியாபாரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

என் கோரிக்கை சின்னதுதான். கடல் சூட்டைப் பத்தி வானிலைத் துறைக்குக் கோடையிலேயே ஓரளவு தெரிஞ்சுருது. டிவியில அது புயல் நேரத்துச் செய்தியா மட்டும் வருது. ஜூன் 1-ல முதல் போகத்துக்குத் தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி, வேளாண்மைத் துறை அதை ஊர் ஊரா வந்து தமிழ்ல சொல்லட்டும். நெல்லா, குறைஞ்ச தண்ணிப் பயிரான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.