ஐந்து நாள் அவசரம்! ஐந்து வருஷத் தூக்கம்!!

செய்யார், ஆரணிப் பக்கத்து நெசவுக்காரர் எவரும் பாவில் அறுந்த இழையைப் பிணைக்காமல் நாடாவை ஓட்டமாட்டார். அவசரப்பட்டால் சேலையும் கெடும், கூலியும் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கோடிக்கணக்கான பாட்டாளி மக்களின் நோய்க்கும் பிரசவத்துக்கும் வழி செய்யவேண்டிய சட்டத்தைச் செய்தவர்களுக்கு இந்தச் சாதாரண அறிவுகூட இல்லாமற் போனதை என்னவென்று சொல்லுவது?

1948ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் முதலிய ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைப் பற்றியே நாம் சொல்லுகிறோம். இம்மசோதா 2020 செப்டம்பர் 19ந் தேதி லோக்சபையில் வைக்கப்பட்டது. 22ந் தேதி அங்கு நிறைவேறிற்று. 23ந் தேதி ராஜ்யசபையிலும் நிறைவேறிவிட்டது. விவசாய மசோதாக்களின் போது எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டதற்காக எதிர்க்கட்சியார் அப்போது சபையைப் பகிஷ்கரித்திருந்தார்கள். அவர்களின் தலைவராயிருந்த தோழர் குலாம் நபி ஆசாத், தாங்கள் இல்லாத சபையில் தொழிலாளர் மசோதாக்களை நிறைவேற்ற வேண்டாமென்று சபைத் தலைவருக்கு எழுதினார். பலன் பூஜ்யம்.

நமக்கு அவரிடத்திலோ அவர் அன்றிருந்த கட்சியினிடத்திலோ தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஏழைகளின் மசோதா வரும் நாளில் வெளியே நிற்பதும் பெரிய வீரமல்ல. ஆனாலும் அவர் சொன்ன நியாயம் நியாயமே. 2019ல் வந்த பழைய மசோதாவைக் கமிட்டி பார்த்ததே என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அதை வாபஸ் வாங்கிப் புதிதாகக் கொண்டுவந்த மசோதாவை மறுபடி எந்தக் கமிட்டி பார்த்தது?

இதனால் நமக்கென்ன நஷ்டம்? ஒரு வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். மகள் செய்யார் சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறாள். தகப்பன் வீட்டில் குழித்தறியில் பட்டு நெய்கிறார். மகளுக்கு நோய் வந்தால் இ.எஸ்.ஐ.யில் வைத்தியமும் உண்டு, வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதமும் உண்டு. தகப்பனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கலாம். அது ஆஸ்பத்திரிச் செலவைத் தரும். தறி நின்ற நாளின் கூலியைத் தருமா? அடுப்பு எப்படி எரியும்?

இவரைப் போன்ற அமைப்புசாராத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. நன்மைகளைத் தர அரசாங்கம் திட்டம் வகுக்க"லாம்" என்று புதுச் சட்டம் சொல்லுகிறது. வகுக்க "வேண்டும்" என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லுக்குள் நெசவாளியின் வயிறு அடங்கியிருக்கிறது. சாவகாசமாக விவாதித்திருந்தால் நெசவு ஜில்லாக்காரர் ஒருவராவது எழுந்து, "லாம்" எதற்கு என்று கேட்டிருக்கமாட்டாரா? அந்தக் கேள்விக்குத்தானே சட்டசபை இருக்கிறது?

இவ்வளவு அவசரப்பட்டவர்கள் சட்டத்தை எப்போது அமுலுக்குக் கொண்டுவந்தார்கள்? 2025 நவம்பர் 21ந் தேதி! ஐந்து நாளில் நிறைவேற்றி ஐந்து வருஷத்துக்கு மேல் தூங்கவைத்தார்கள். அப்படியானால் அவசரம் எதற்கு? வேலையை முடிக்கவா, கேள்வியைத் தவிர்க்கவா?

தோழர்களே! நோய் தலையெழுத்தல்ல, கூலியற்ற படுக்கையும் தலையெழுத்தல்ல. மனிதன் எழுதிய சட்டத்தை மனிதன் திருத்தலாம். இனி ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எக்கட்சிக்காரராயிருந்தாலும், "லாம்" என்பதை "வேண்டும்" என்று மாற்றத் திருத்த மசோதா கொண்டுவருவீரா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம்.