நாலரை மணிக் காபி செல்லம் கொடுப்பதா?

முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வருபவர்கள்தான் அங்குள்ள ஒழுங்குக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் இல்லம் நடத்தும் ஒருவர். சொந்தத் தலையணை, விடிகாலைக் காபி, இரவில் எரியும் சின்ன விளக்கு இதெல்லாம் அவர் பார்வையில் செல்லம் கொடுப்பது. அனுபவம் பேசுகிறது என்று சிலர் பாராட்டுகிறார்கள். அலட்சியம் பேசுகிறது என்கிறேன் நான்.

என் பெரியம்மா 81 வயதில் ஓர் இல்லத்தில் சேர்ந்தார். காலமெல்லாம் நாலரை மணிக்கு எழுந்து காபி குடித்தவர். அங்கே காபி ஏழு மணிக்கு. வெற்றிலை இடிக்கும் சின்ன உரலை, சத்தம் வருகிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்தவர், சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றார். "நல்லா அட்ஜஸ்ட் ஆயிட்டாங்க சார்" என்றார் பணியாளர். கேட்டுக் கேட்டு அலுத்து வாய்மூடிப் போனவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. கட்டுரையாளர் பெருமைப்படும் ஒழுங்கும் இந்த மௌனம்தான்.

1976இல் வெளியான ஓர் ஆய்வு அவர் வாதத்துக்கு நேர் எதிரானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் நடத்தியது. ஒரு பிரிவினர் தாங்களே செடியைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். படம் பார்க்கும் நாளையும் அவர்களே முடிவு செய்தார்கள். மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் ஊழியர்களே செய்தார்கள். மூன்றே வாரத்தில் முதல் பிரிவினரிடம் சுறுசுறுப்பு கூடியிருந்தது. தனிப்பட்ட தேவைக்கும் விருப்பத்துக்கும் இயன்றவரை இடம் தர வேண்டும் என்று அந்த நாட்டில் 1987இல் சட்டமே இயற்றப்பட்டது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதுதான் நியாயம் என்கிறார் கட்டுரையாளர். முழங்கால் மடங்காதவரையும் தரையில் உட்காரச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஆள் போதாது என்கிறார். இரவே பிளாஸ்க்கில் காபி ஊற்றி வைக்க எத்தனை ஆள் வேண்டும்? இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவில் எத்தனை விளக்கு வாங்கலாம்?

சேர்க்கும் அன்று சர்க்கரை, பிரஷர், ஆதார் எல்லாம் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுவீர்கள், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்க ஐந்து நிமிஷம் போதும்.

பெற்றோரைச் சேர்க்கப் போகிறவர்களே, காபி எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். "எல்லாருக்கும் ஏழு மணிக்குத்தான்" என்று பதில் வந்தால், அங்கே சேர்க்காதீர்கள்.