பேசி முடிக்க முடியாத கணக்கு

மதுரையில் பிளம்பிங் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர்களிடம் காப்பீட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏதாவது ஆச்சுன்னா பேசி முடிச்சுக்கலாம்ணே." அவனியாபுரத்தில் நாலு பேரை வைத்து வீட்டு வேலை பார்ப்பவரும் இதைத்தான் சொல்வார். ஒத்தக்கடைப் பக்கம் அடுக்குமாடிக்குக் குழாய் இழுக்கும் எட்டுப் பேர் குழுவின் தலைவரும் இதைத்தான் சொல்வார். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம், குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுக்கலாம், ஊர்ப் பெரியவர் நாலு பேரை வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். இந்த நம்பிக்கை சட்டப்படி தவறு, கணக்குப்படியும் தவறு. கூடவே, வேலைக்கு வந்தவனின் வீட்டாருக்கு இழைக்கும் அநீதியும்கூட.

2022 ஏப்ரல் 21 அன்று மதுரை மாநகராட்சியின் 70ஆவது வார்டு, நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 3 பேர் விஷவாயுவில் சிக்கி இறந்தார்கள். முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் மாண்டார்கள். அதே ஆண்டு விளாங்குடியில், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி புதைந்து போனார். மோட்டாரைத் தூக்குவதும் பள்ளத்தில் இறங்கிக் குழாய் சேர்ப்பதும் மதுரையில் அன்றாடம் நடக்கும் வேலைகள்.

"அதெல்லாம் மாநகராட்சி வேலை, நம்மது வீட்டு வேலை" என்று சொல்லித் தப்பிவிட முடியாது. மூன்றாவது மாடிக்கு மேல் சின்டெக்ஸ் டேங்க் ஏற்றும்போது கால் வழுக்குகிறது. கன்சீல்டு குழாய்க்குச் சுவரைக் குடையும்போது உள்ளே போகும் மின்வயரில் டிரில் படுகிறது. மூடிய சம்புக்குள் சால்வென்ட் சிமென்ட் வாடையோடு ஒருவர் வேலை செய்கிறார். ஈரத் தரையில் நின்று சப்மெர்சிபிள் மோட்டாரின் வயரைத் தொடுகிறார்கள். 2011இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்த மாநகராட்சி இது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டுவரும் திட்டத்துக்காகத் தெருத் தெருவாகக் குழாய் பதித்த ஊர். வேலை பெருகியதைப் போலவே ஆபத்தும் பெருகியிருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாக ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மரண வழக்குகளுக்கு ஒரு கண்டிப்பான விதியை வைத்தது. இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்டவேண்டும்; குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் சேராது. முன்பணமாகக் கொடுத்த ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆக, பெரியவர்கள் முன்னிலையில் 3 லட்சத்தைக் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தக்காரர், முழு இழப்பீட்டையும் பிறகு இன்னொரு முறை கட்ட நேரலாம். "இனிமேல் எதுவும் கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்கிய தாளும் உதவாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்லிவிட்டது.

விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? கணவனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணால் பேரம் பேச முடியாது என்பதால்தான். பேசி முடிப்பது என்று சொல்லப்படுவதில் பேசுகிறவர் ஒருவர். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருக்கிறார்.

தொகையையும் பார்ப்போம். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்றால் 15,000 ரூபாய். 2020 ஜனவரியில் மைய அரசு இழப்பீட்டுக் கணக்குக்கு வைத்த உச்ச ஊதியமும் அதுதான். 30 வயதுக்காரர் இறந்தால் ஊதியத்தில் பாதியை, அதாவது 7,500 ரூபாயை, அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். வருவது 15,59,850 ரூபாய். உயிர் பிழைத்து, நிரந்தரமாக முழு ஊனமாகிவிட்டால் பாதிக்குப் பதில் 60 விழுக்காடு. தொகை 18,71,820 ரூபாயாகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் இழப்பீட்டில் பாதி வரை தண்டமும் விதிக்கலாம். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நினைத்தாலும், தீர்ப்பான தொகையை முதலில் கட்டிய பிறகுதான் போகமுடியும். நாலு பேரை வைத்து வேலை பார்க்கும் எத்தனை ஒப்பந்தக்காரரிடம் 15 லட்சம் ரொக்கமாக இருக்கிறது? வீட்டை விற்கவேண்டும், இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேராமலேயே ஆண்டுகள் ஓடும்.

கை கால் போன வழக்குகளில் ஊனத்தின் அளவைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடக்கும். 1968இல் ஒரு திரையரங்கின் அலங்கார வேலையில் விழுந்து இடக்கையை இழந்த தச்சரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்பதை 1975 டிசம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலிருந்தே தரவேண்டிய கடன் என்றும் சொன்னது. ரெஞ்சு பிடிக்கும் கையை இழந்த பிளம்பருக்கும் இதே அளவுகோல்தான்.

பேசி முடிக்கலாம் என்பதற்குத் துணையாக வேறு சில நம்பிக்கைகளும் உலவுகின்றன.

"தினக்கூலி ஆளுக்குச் சட்டம் பொருந்தாது" என்பார்கள். தற்காலிக ஆட்களை விலக்கி வைத்த சொற்கள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டன. "பெல்ட் போடச் சொன்னேன், அவன் கேட்கல" என்ற வாதமும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. "பில்டர் பார்த்துக்குவார்" என்பது பாதி உண்மை. தொழிலாளி பில்டரிடம் கேட்கலாம், பில்டரும் கட்ட நேரலாம். கட்டிய பணத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து திருப்பி வசூலிக்கும் உரிமையை 12ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருந்தது.

"நலவாரிய அட்டை இருக்கு" என்பது அடுத்தது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பிளம்பர்கள் கட்டாயம் பதியவேண்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் வாரியம் தருவது உதவித்தொகை. முதலாளியின் கடனை அது அடைக்காது. ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடும் அப்படித்தான். அதில் வரும் 2 லட்சம் குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பணம். ஈ.எஸ்.ஐ. பெரும் பாதுகாப்புதான், தத்தனேரியில் அதற்கு மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். மதுரையின் பெரும்பாலான பிளம்பிங் குழுக்கள் அந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்கின்றன.

இந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது. ஆண்டுக் கூலி மொத்தம் எவ்வளவு, வேலை எத்தகையது என்பதை வைத்து பிரீமியம் கணக்கிடுவார்கள். ஒரு ஒப்பந்தக்காரர் முதலில் எடுக்கவேண்டியது இதைத்தான்.

அடுத்தது மற்றவர் சொத்துக்கு நேரும் சேதம். இரண்டாம் மாடியில் இரவில் ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் கீழ்க் கடையின் சரக்கும் மரவேலையும் லிஃப்ட்டும் நனைந்துவிடும். சேதமானவர் வழக்குப் போடலாம். வேலை கொடுத்த வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது. பெரிய வேலைகளுக்குக் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசியில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடையும் குடோனும் வைத்திருப்பவருக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் உண்டு. தீ, வெள்ளம், குழாய் வெடிப்பு ஆகியவை அதில் அடங்கும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

"பிரீமியம் வாங்கத் தெரியும், பணம் கொடுக்கத் தெரியாது" என்று காப்பீட்டு நிறுவனங்கள் மேல் உள்ள கோபம் வெறும் சாக்கு அன்று. கிளெய்ம் மறுக்கப்பட்டு அலைந்தவர்கள் உண்டு. ஆனால் மறுப்புக்கான காரணங்களில் பல முன்பே தடுக்கக்கூடியவை. எட்டுப் பேர் வேலை செய்யும்போது மூன்று பேரின் கூலியை மட்டும் காட்டி பிரீமியத்தைக் குறைத்திருப்பார்கள். வீட்டுப் பிளம்பிங் என்று எழுதிவிட்டு ஆழமான பள்ளத்தில் வேலை செய்திருப்பார்கள். உள் ஒப்பந்தக்காரரின் ஆட்களைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பாலிசி எதைத் தாங்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மோசமாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவை ஆல் ரிஸ்க் பாலிசி பொதுவாகத் தராது. தாமதத்துக்கான தண்டம் முதலாளியின் தலையில்தான் விழும் என்று 1997லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் நடத்துவோரும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதற்குக் காப்பீடு அனுமதிச் சீட்டு ஆகாது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமாகச் சுத்தம் செய்ய ஆள் வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்து சிறைத்தண்டனையும் வைத்திருக்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சிங்கப்பூருக்குப் பிளம்பர் வேலைக்குப் போகிறவருக்கு, சம்பளம் எவ்வளவானாலும் உடலுழைப்பாளி என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டமே எல்லா முதலாளிகளையும் பொதுவாக இதற்குக் கட்டாயப்படுத்தியது. இங்கே ஒப்பந்தக்காரரின் பைக்குக்குச் சட்டப்படி இன்சூரன்ஸ் வேண்டும். அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருகிறவர் சாரத்திலிருந்து விழுந்தால் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே தொழில். ஊர் மாறினால் அவர் உயிரின் பாதுகாப்பும் மாறுவதை ஏற்கமுடியாது.

ஒப்பந்தக்காரர்கள் விலைப்புள்ளி எழுதும்போது குழாய், ஃபிட்டிங்ஸ், கூலி என்ற வரிசையில் காப்பீட்டையும் ஒரு வரியாக எழுதவேண்டும். வீடு கட்டுவோரும் அடுக்குமாடிச் சங்கங்களும் அந்த வரியை வெட்டச் சொல்லிப் பேரம் பேசக் கூடாது. பாலிசி நகலைக் கேட்டு வாங்கிவிட்டே வேலையைத் தொடங்கவிட வேண்டும். மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் பெரிய ஒப்பந்த நிறுவனத்தின் பாலிசியைப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. உள் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உட்பட அன்றைக்கு வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலை அந்தந்த வார்டுப் பொறியாளர் காலையிலேயே சரிபார்த்து, காப்பீட்டுக்குள் வராத ஒருவரையும் பள்ளத்தில் இறங்க விடாமல் தடுக்க வேண்டும்.