எது நல்ல பாணி?

தயிர்ச் சட்டியைக் கண்டதும் பாணிப் போத்தலைத் தேடும் வழக்கம் மாத்தளை வாழ் மக்கள் யாவர்க்கும் பொது. இதில் இனபேதமுமில்லை, சமயபேதமுமில்லை. ஆனால் அப்போத்தலுள் இருப்பது எம்மரத்தின் பாணி, எவ்வூரில் காய்ச்சியது, யார் கை பட்டது என்று கேட்கும் வழக்கம் நம்மில் அநேகமாக எவர்க்கும் இல்லை. இனித்தாற் போதும் என்று இருந்துவிட்டோம். இது சிறு அலட்சியம் போலத் தோன்றினும், நம் மலைகளுக்கே உரிய ஒரு நுண்ணிய தொழில் நலிவதற்கு நாமே துணைபோகின்றோம் என்பது என் துணிபு.

நம் நாட்டில் இனிய நீர் தரும் மரங்கள் மூன்று. வடபால் பனை; மேற்கும் தெற்குமான கரையோரங்களில் தென்னை; மலைநாட்டிற் கித்துள். மூன்றிலும் பாளையைச் சீவி ஊறும் நீரையே இறக்குகின்றனர். மூன்றன் இனிப்பும் பெரும்பாலும் சுக்குரோசே. கரும்புச் சீனியின் இனிப்பும் அதுவேதான். அங்ஙனமாயின் சுவை வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று மாணாக்கர் வினவக்கூடும். இனிப்போடு கூட வரும் உப்புக்களும் அமினோ அமிலங்களும் ஒரு காரணம். நீர் புளியாதிருக்க முட்டியில் இடும் பொருள் மற்றொரு காரணம். அடுப்பும் விறகும் மூன்றாவது காரணம். யாழ்ப்பாணத்தார் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர். ஆதலாற் கருப்பநீரிலும் பனங்கட்டியிலும் மெல்லிய உவர்ப்பொன்று இழையோடும். கித்துள் இறக்குவோர் ஹல் என்னும் மரத்தின் பட்டைத் துண்டுகளை முட்டியில் இடுவதுண்டு. அதனால் துவர்ப்பு வரும். இவையெல்லாம் குறைகளல்ல, அவ்வப் பொருளின் முகவரிகள்.

கித்துளைத் தமிழர் கூந்தற்பனை என்பர். பூங்குலை அவிழ்ந்து தொங்குங்காற் பெண்ணொருத்தியின் விரித்த கூந்தலேபோல் இருத்தலின் இப்பெயர் மிகப் பொருந்தும். கரியோட்டா யூரென்ஸ் என லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயரிட்டார். யூரென்ஸ் என்றால் எரிப்பது என்று பொருள். இதன் கனி தோலிற் பட்டால் உண்டாகும் எரிவைக் கருதிய பெயர் அது. மீன் வால் போன்ற இலைகளால் எவரும் இதனை எளிதில் அடையாளங் காணலாம்.

இம்மரத்தின் வாழ்வு வியப்புக்குரியது. பல்லாண்டுகள் பூவாமல் வளர்ந்து, பின் உச்சியிலே முதற் குலையை ஈன்று, அடுத்தடுத்துக் கீழ்நோக்கிப் பூத்து வந்து, கடைசிக் குலை முடிந்ததும் பட்டுப்போகிறது. எனவே ஒரு மரத்தினின்று பெறக்கூடிய பாணி அளவுக்குட்பட்டது. சேமித்த செல்வத்தைச் செலவிடுவது போன்றது. இறக்குபவர் கழிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டி ஏணியாக்கி, காலையும் மாலையும் ஏறவேண்டும். பாளை மலருமுன் அதன் காம்பிற் கீறி மருந்து வைத்தல் இத்தொழிலின் உயிர்நிலை. மிளகு, உள்ளி, சுண்ணாம்பு, சாம்பல், உப்பு என்பன அதிற் சேரும். அளவும் முறையும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. தந்தை மகனுக்குச் சொல்லாது இறந்தால் அம்மருந்தும் அவரோடு போய்விடும். இறக்கிய நீரை உடனே அடுப்பேற்றாவிடிற் புளிக்கத் தொடங்கும். சற்றுப் பொறுத்தாற் கள். (கள்ளைப் பற்றி ஓர் இந்துக் கல்லூரி மலரிலே இதற்குமேல் எழுதலாகாது; திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.) காய்ச்சிப் பதத்தில் நிறுத்தினாற் பாணி, மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தாற் கருப்பட்டி.

கிடைத்த ஊரிலெல்லாம் ஒரு போத்தல் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் பித்து எனக்கு நெடுநாளாக உண்டு. அதனாற் கற்ற சிலவற்றைச் சொல்வேன். வெள்ளைப் பீங்கான் தட்டுக்களில் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, மெல்லிய நிறத்திலிருந்து கடிய நிறம் நோக்கிச் சுவைத்தல் வேண்டும். முதலில் மூக்கு, பிறகே நாக்கு. இடையிடையே வெந்நீரால் வாய் கொப்பளித்தல் நன்று. தயிரோடு கலந்து சோதித்தல் கூடாது. தயிரின் புளிப்பு எல்லாப் பாணியையும் நல்லதாக்கிவிடும்.

நல்ல கித்துட் பாணியிற் புகையே முதலில் வரும். அது கருகல் நாற்றமன்று, விறகடுப்பின் வாசனை. அடுத்து இனிப்பு, பின்னர் நாவின் ஓரங்களிற் சிறு துவர்ப்பு, கடைசியிற் பூவையொத்த ஒரு மணம். இரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கத்து மழைச் சரிவுகளிலிருந்து வந்தவை எனக்கு மெலிந்தும் மணமிக்கும் தோன்றின. உக்குவளைப் பக்கத்திற் பெற்ற சில தடித்தும் கறுத்தும், ஏலக்காய் இட்ட பாயசத்துக்குப் பொருந்துவனவாயும் இருந்தன. ஆயினும் ஒரு போத்தலைக் கொண்டு ஓர் ஊருக்குத் தீர்ப்பெழுதுதல் தகாது. ஒரே வீட்டில் ஒரே வாரத்திற் காய்ச்சிய இரண்டு சட்டிகளே வேறுபடும். மழை பெய்தால் நீர் நெகிழும். விறகு மாறினாற் புகை மாறும்.

தென்னம் பாணி சாதுவானது; பலகாரத்துக்கு நல்லது, தனியே உண்ண எனக்கு அலுப்பைத் தரும். பனங்கட்டியோ கித்துளுக்கு ஒத்த எதிரி. ஓலைக் குட்டானிலிருந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு சீனியில்லாத் தேநீர் பருகுவதற்கு ஈடான இன்பம் கித்துளில் இல்லை என்று வடக்கிலிருந்து இங்கு கற்பிக்க வந்த ஆசிரியர் பலர் வாதிடுவர். அவ்வொன்றை ஒப்புக்கொள்கிறேன். தயிருக்கு மட்டும் அவர்கள் கித்துளிடம் தோற்கவேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு எது என்ற வழக்கை இம்மலரிலே தொடக்கினால் மலர் முடிவுறாது.

இத்தகைய ஒப்புநோக்கு வீண் ஆடம்பரம் என்பார்க்கு ஓர் அயல்நாட்டுச் செய்தி. மெக்சிக்கோ நாட்டில் மெஸ்கால் என்றொரு பானம் உண்டு. மது என்ற வகையில் அதற்கு நான் பரிந்து பேசவில்லை. பாடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு மூலமான கற்றாழையின வகைச் செடியும் நம் கித்துளைப் போலவே பல்லாண்டு காத்திருந்து, ஒருமுறை பூத்து மடிவது. அதன் நடுக்கிழங்கைக் குழியிலிட்டு விறகால் அவிப்பதனால் அப்பானத்திலும் புகை மணக்கும். ஒருகால் ஏழை உழவர் பானமென இகழப்பட்ட அதற்கு 1994ஆம் ஆண்டிலே பிறப்பிடப் பெயருரிமை கிடைத்தது. இன்று தரமான போத்தல்களிற் செடியின் இனம், ஊர், காய்ச்சியவர் பெயர் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். சுவைப்போர் ஊருக்கு ஊர் வேற்றுமை கூறி வாதாடுகின்றனர். அவ்வாதமே காய்ச்சுவோர்க்கு விலையைத் தேடித் தந்தது. நம் நாட்டிலும் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு 2022இற் கிடைத்துள்ளது. கறுவாவுக்குத் தகும் மதிப்பு கித்துளுக்குத் தகாதா?

தடை எங்கே எனின், கலப்படத்தில். சீனியை உருக்கி, நிறமேற்றி, சிறிது பாணி கலந்து விற்பது எளிது. மரமேறுபவரின் பொருளும் சட்டிக் கரண்டிக்காரரின் பொருளும் ஒரே விலைக்கு ஒரே தட்டில் நின்றால், மரமேறுபவர் ஏன் மேலும் ஏறவேண்டும்? விழுந்து உயிரோ அங்கமோ இழக்கும் தொழில் அது. அவர் மகன் நகரத்தில் வேறு வேலை தேடிப் போவதில் வியப்பில்லை. மரமும் வெட்டப்பட்டு மாவுக்கோ யானைத் தீனிக்கோ போகும்.

கலப்படத்தைக் கண்டறிய வீடுகளில் வழங்கும் சோதனைகள் பெரும்பாலும் பயனற்றவை. நீரில் ஒரு துளி விட்டு அது கரையாது அடியில் நிற்கிறதா என்று பார்ப்பர். விரலிடையே கம்பி இழுத்துப் பார்ப்பர். இவை தடிப்பைக் காட்டுமேயன்றிப் பிறப்பைக் காட்டா. நன்கு காய்ச்சிய சீனிப்பாகும் இச்சோதனைகளில் முதல் வகுப்பிற் சித்தியெய்தும். போத்தலடியிற் சீனி உறைந்திருப்பதும் தனியே சான்றாகாது. தூய பாணியிலுமே சுக்குரோசு உறையக்கூடும்.

விஞ்ஞானத்திடம் மட்டும் ஒரு திறமான கருவி உண்டு. கரும்பும் கித்துளும் காற்றிலுள்ள காபனைப் பற்றும் வழி வேறு. அதனாற் கரும்புச் சீனியிற் காபன்-13 என்னும் பாரமான ஓரிடமூலகத்தின் விகிதம் கூடுதலாயிருக்கும். அதை அளந்தாற் கரும்புச் சீனி கலந்தமை வெளிப்படும்; தேனிற் சீனி கலப்போரை உலகெங்கும் இவ்வாறே பிடிக்கின்றனர். ஆனால் அவ்வியந்திரம் சந்தைக்கு வராது. ஆகவே வாங்குபவரின் நாவே முதற் காவல். பொய்ப் பாணியிற் புகையில்லை, துவர்ப்பில்லை. ஒரே இனிப்பு, அது முடிந்ததும் ஒன்றுமில்லை.

வறியவர் மலிந்த பாணியைத்தானே வாங்கமுடியும் என்ற மறுப்பு நியாயமானது. அவர்க்குச் சீனிப்பாணியை விற்பதை நான் எதிர்க்கவில்லை. அதைச் சீனிப்பாணி என்று எழுதி விற்குமாறே கேட்கிறேன். கித்துளின் பெயரைத் திருடி ஏழையின் காசை வாங்குவது ஏழைக்குச் செய்யும் உபகாரமாகாது.

நம் பழைய மாணவருள் வணிகர் பலர். தம் கடையில் விற்கும் போத்தலில் ஊரின் பெயரையும், காய்ச்சியவர் சம்மதித்தால் அவர் பெயரையும், மாதத்தையும் எழுத ஒரு சிறு தாளும் பேனாவும் போதும். சுற்றுலாப் பயணிகள் நாலந்தை நோக்கிச் செல்லும் வீதியிலே வாசனைத் திரவியத் தோட்டங்களில் நின்று மிளகுக்கும் கொக்கோவுக்கும் விளக்கம் கேட்கின்றனர், கித்துளுக்கும் கேட்பர். கல்லூரி விஞ்ஞானக் கழகத்தார்க்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வருகிற நவராத்திரி விழாவில் ஒரு மேசை போட்டு, பெயரெழுதாத நான்கு தட்டுக்களை வைக்கட்டும். முதல் மூன்றிலே கித்துள், தென்னை, பனை ஆகியவற்றின் பாணி. வருவோர் சுவைத்து, எது எது என்று தாளில் எழுதிப் பெட்டியில் இடட்டும். அதிபர் முதல் ஆறாம் வகுப்பு மாணவன் வரை எவர்க்கும் விலக்கில்லை. நான்காம் தட்டில் உள்ளது நிறமேற்றிய சீனிப்பாகு என்பதைப் பெட்டி திறக்கும்வரை எவர்க்கும் சொல்லவேண்டாம்.