ராக்கெட் மேலே போயாச்சு... கீழே யார் கேட்கிறது?

சாட்டிலைட் விடுகிற அன்று காலேஜில் பெரிய திரை, ஸ்வீட், மறுநாள் பேப்பரில் போட்டோ. அப்புறம்? மேலே போனது பேசுவதைக் கேட்க ஆள் இருக்கா என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

தமிழ்நாட்டில் மாணவர் சாட்டிலைட்டுக்குக் குறைச்சலே இல்லை. 2009ல் அண்ணா பல்கலையின் அனுசாட், 2011ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016ல் சத்யபாமாசாட், 2017ல் நூருல் இஸ்லாமின் நியுசாட். மதுரைக்குப் பக்கத்தில், திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகள்கூட 2022ல் ஆசாதிசாட்டில் பங்கெடுத்தார்கள். (ராக்கெட் சரியான பாதையில் விடாததால் அது வீணாச்சு. 2023ல் ஆசாதிசாட்-2 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.) ஆனால் தரைநிலையம் என்றால் மட்டும், "மொட்டைமாடி ஆன்டெனாதானே" என்று ஒரு இளக்காரம்!

கொஞ்சம் கணக்குப் போடலாம். 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் சாட்டிலைட், ஒரு ஊருக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தெரிந்தால் அதிகம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. அதிலும் பாதி ராத்திரியில். ஆக, ஒரே சாட்டிலைட்டுக்காகக் கட்டிய நிலையம் தினமும் ஒரு மணி நேரம்தான் உழைக்கும், மீதி 23 மணி நேரம் தூங்கும். பி.காம் முதல் வருஷம் படிக்கிறவரே சொல்லிவிடுவார், இது முடங்கிய முதல் என்று.

இதற்கு மருந்து ஆளில்லாத் தரைநிலையம். எது எப்போது வரும் என்று கம்ப்யூட்டரே கணக்கிட்டு, ஆன்டெனாவைத் திருப்பி, டாப்ளர் மாற்றத்துக்கு அலைவரிசையைச் சரிசெய்து, பதிவு பண்ணி, இணையத்தில் ஏற்றிவிடும். அடுத்தவர் சாட்டிலைட்டையும் கேட்கும். கிரீஸில் பிறந்த சாட்நாக்ஸ் திட்டம் மென்பொருளையும் வரைபடங்களையும் இலவசமாகவே தருகிறது. 2014லேயே ஹேக்கடே பரிசு வாங்கிய திட்டம் அது.

"கம்பம் பள்ளத்தாக்கில் சுற்றிலும் மலை, சிக்னல் எடுக்காது" என்பார்கள். பாதி உண்மை. மேற்கே மலைத்தொடர், கிழக்கே மேகமலை. தாழ்வாகப் போவது மறைந்துவிடும். தலைக்கு மேலே போவது மறையாதே! எந்தத் திசையில் மலை எவ்வளவு உயரம் என்று நிலையத்துக்குச் சொல்லிவிட்டால், தெரிகிறதை மட்டும் பிடிக்கும். ஆடிக்காற்று வேகமெடுத்தால் ஆன்டெனா தானே பாதுகாப்பாகத் திரும்பி நிற்கணும். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்திருக்கணும். ஐப்பசி இடியையும் தாங்கணும். வடிவமைப்பு என்பது இதுதான். இந்தக் காற்றும் இடியும் போடி, சின்னமனூர் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், ஏதென்ஸ்காரருக்குத் தெரியாது.

ஆகவே அடுத்த சாட்டிலைட்டுக்கு நிதி கேட்கும் காலேஜ், பட்ஜெட்டில் ஆளில்லாத் தரைநிலையத்துக்கு ஒரு வரி எழுதட்டும். அந்த வரி இல்லையென்றால் மொத்தச் செலவையும் ஆராய்ச்சிக் கணக்கில் காட்டக்கூடாது. விளம்பரக் கணக்கில்தான் எழுதணும்.