ஒரு கைக் கத்தி

ஞாயிற்றுக்கிழமை முட்டம் பாறைகளில் தூண்டிலோடு நிற்கிறவர்கள் இரண்டு ரகம். வெறுங்கையோடு வருகிறவர்கள் ஒன்று. ஒரு ஹார்டுவேர் கடையையே இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொன்று. முதல் ரகத்தார் நரம்பைப் பல்லால் கடித்து அறுக்கிறார்கள். பல் டாக்டர்களுக்கு இதில் ஆட்சேபணை கிடையாது.

1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம். காதலுக்குத் தோதான பாறைகள். ஆனால் கையிலிருந்து ஒரு சாமான் நழுவினால் கோவிந்தா! ஆகவே எதை வாங்குவது என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் நகவெட்டி. மலிவு, சட்டைப்பையில் அடங்கும். முடிச்சுப் போட்டபின் மிஞ்சும் வாலை ஒட்ட நறுக்க இதற்கு ஈடில்லை. ஆனால் சாதா நைலான் நரம்போடு சரி. இப்போது பலரும் வைத்திருக்கும் பின்னல் நரம்பு, மெல்லிய பாலிஎதிலீன் இழைகளால் ஆனது, வழுவழுவென்றிருக்கும். மழுங்கின நகவெட்டி அதைச் சப்பித் துப்பும், வெட்டாது. அதற்கு வாயில் பொடிப் பற்கள் வைத்த சின்னக் கத்தரிதான் லாயக்கு.

அடுத்து கட்டிங் பிளேயர். ஈயக்குண்டை நசுக்கலாம், கம்பி வெட்டலாம், மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றலாம். களவா வாயில் விரலை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என்ன, கனம் ஜாஸ்தி.

மூன்றாவது, கல்ஃபிலிருந்து மச்சான் கொண்டுவரும் ஸ்விஸ் கத்தி. கார்ல் எல்ஸனர் என்பவர் 1897-ல் பதிவு செய்த சமாசாரம். ராணுவ அதிகாரிகளுக்காகச் செய்ததில் ஒயின் பாட்டில் திறக்கும் திருகாணியும் உண்டு. சாளையை இரையாக மாட்டிக்கொண்டு நிற்கிற நமக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். அழகான பொருள்தான். ஆனால் சாதாரண மாடலைத் திறக்க ஒரு கையால் பிடித்து, மறு கை நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும்.

விவகாரமே அங்கேதான். பெரிய பாரை ஒன்று இழுக்கிறது, நரம்பு விரலில் சுற்றிக்கொண்டது என்று வையுங்கள். விறைத்த நரம்பு விரலையே அறுக்கும். வழுக்குப் பாறையில் ஆளையும் இழுத்துவிடும். அப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே கை.

தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் பேர் பெற்றவர்கள். அங்கே ஒரு பெரியவரிடம் எந்தக் கத்தி நல்லது என்று கேட்டேன்.

"மக்கா, கத்தி பைக்குள்ள கெடந்து என்ன பிரயோசனம்? நரம்பு ஒரு கையப் பிடிச்சா, மத்தக் கைக்கு எட்டணும். அதாக்கும் காரியம்" என்றார்.

எந்தக் கேட்லாக்கிலும் இது இல்லை.

எனவே கடையில் இப்படிச் சோதியுங்கள். இடது கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் எடுத்து, திறந்து, ஒரு நூலை அறுங்கள். பிறகு கை மாற்றிச் செய்யுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். என் ஓட்டு, பிளேடு உள்ளே ஒளிந்திருக்கும் கொக்கி மாதிரியான வெட்டிக்கு. நரம்பு மட்டும் உள்ளே போகும்; தோலுக்கு அவ்வளவாக ஆபத்தில்லை. சின்னக் கயிறு கட்டி நெஞ்சுப் பக்கம் தொங்கவிடுங்கள். பிளேயரும் கத்தரியும் பைக்குள் இருந்தால் போதும்.

பி.காம். படித்தவன் என்பதால் தேய்மானம் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருப்பதை உப்புக்காற்று படிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்?

கடைசியாக ஒன்று. வெட்டிய நரம்பைப் பாறையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். நைலான் லேசில் மக்காது. கடற்பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். கத்தி எடுக்க அதற்கு ஒரு கைகூடக் கிடையாது, சார்.